எல்லாக் கம்பத்திலும் நானூறு

காலை ஐந்து ஐம்பதுக்குக் கருவியை வாசல் சுவரில் வைப்பேன். பத்து நிமிடம். அதற்குள் பால் காய்ச்சி, தலை பின்னி, உடை மாற்றிவிடுவேன். ஆறு மணிக்கு அது ஒரு முறை கூவும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். பதினான்கு மாதம் இப்படித்தான் செய்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் கருவி சுற்றியிருக்கும் காற்றைப் பழகிக்கொள்கிறது. இதுதான் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொள்கிறது. சுத்தமான காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் நானூறு பங்கு. அந்த எண்ணை அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நாள் முழுவதும் மற்ற காற்றையெல்லாம் அதோடு ஒப்பிட்டுச் சொல்லும். நானூறுக்குக் கீழே காட்டாது. எங்கள் ஆட்கள் இதை ஸீரோ வைப்பது என்பார்கள். திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. வீட்டு வாசலும் திறந்த வெளிதானே, நேரம் மிச்சம் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். எல்லோரும் வீட்டு வாசலில்தான் வைத்தோம்.

என் கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். தையல்காரர். கணவனை இழந்தவர். வாய் கொஞ்சம் அதிகம். கருவி கூவும்போதெல்லாம் பின்னறையிலிருந்து குரல் வரும். மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டாயே, இதோ கூப்பிடுகிறாள், போ என்பார்.

என் வேலையைப் பற்றியும் அண்ணிக்கு ஒரு கருத்து இருந்தது. நிலத்திலிருந்து எரிவாயு எடுத்து விற்கும் கம்பெனி, அது எரிந்து உண்டாகும் கரியமில வாயுவை அதே அளவு திரும்ப நிலத்துக்குள் புதைக்க வேண்டும். புதைக்காவிட்டால் எடுக்க முடியாது. இதுதான் சட்டம். புதைத்தது உள்ளேயே இருக்கிறது என்று மூன்றாம் ஆள் ஒருவர் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த எரிவாயு வயலுக்கு அந்த மூன்றாம் ஆள் நான்.

"சாப்பிட்டவனே தட்டைக் கழுவணும். அவ்வளவுதானே?" என்றார் அண்ணி. "இதுக்கு எதுக்கு இத்தனை படிப்பு?"

வயலில் இருபத்திரண்டு கம்பங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கொக்கி. கருவியை மாட்டி இரண்டு நிமிடம் நின்று எண்ணை எழுத வேண்டும். எண்ணூறைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும். ஒரு நாளும் தாண்டியதில்லை. எல்லாக் கம்பத்திலும் நானூறு. சில நாள் நானூற்றுப் பத்து. என் தாள்களைப் பார்த்து எங்கள் அலுவலக மேலாளர் ஒரு முறை பாராட்டினார். உன் வயல்போல எந்த வயலும் இல்லை என்றார்.

என் கணவர் அதே வயலில் பம்பு அறையில் இருந்தார். முன்பு எரிவாயுவை மேலே இழுத்த குழாய் வழியாகவே இப்போது வாயுவைக் கீழே அழுத்தினார்கள். அவர் அழுத்துவது உள்ளே இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன் என்பதால், வீட்டிலும் அப்படித்தானா என்று பம்பு அறையில் கேலி செய்வார்களாம்.

கோடையின் தொடக்கத்தில் அண்ணிக்குத் தலைவலி வந்தது. காலையில் எழும்போது வரும். பத்து மணிக்குப் போய்விடும். பின்னறை வீட்டின் மற்ற தரையைவிட மூன்று படி கீழே. அங்கேதான் தையல் இயந்திரம், துணி, பாய். தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கேயே படுப்பார். தலைவலிக்குக் கண்ணாடி மாற்றினார். பிறகு தேநீரை நிறுத்தினார். பிறகு மூச்சு வாங்கியது. ஐந்நூறு பள்ளிச் சீருடைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அதைச் சொல்லி மருத்துவமனைக்கு வர மறுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கருவி கூவியது. பின்னறையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் போனேன். பாயில் கிடந்தார். முகம் சிவந்திருந்தது. படுத்த இடத்திலேயே ஓடி வந்தவர்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நானும் என் கணவரும் தூக்கிக்கொண்டு போனோம்.

மருத்துவமனை ஊரின் மேட்டில் இருக்கிறது. இரண்டாம் மாடியில் கட்டில் கிடைத்தது. மதியத்துக்குள் அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் செவிலியரின் சீருடைக்குக் கை சரியாக வெட்டவில்லை என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்தார். எதுவும் இல்லை. வயதாகிறது அல்லவா என்றார். அண்ணிக்கு நாற்பத்தொன்பது. அன்று முழுவதும் மருத்துவரின் வயதை விசாரித்தார்.

புதன்கிழமை காலை நான் வார்டிலேயே இருந்தேன். ஐந்து ஐம்பதுக்குக் கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு மேலே போனேன். மொட்டை மாடிச் சுவரில் வைத்தேன். காற்று நன்றாக அடித்தது. ஆறு மணிக்குக் கூவியது. அங்கிருந்தே வயலுக்குப் போனேன்.

முதல் கம்பத்தில் நானூற்று முப்பது. ஐந்தாவதில் அறுநூறு. பதினான்காவது கம்பம் எங்கள் தெருவின் பின்பக்கத்துக்கு நேராக இருக்கிறது. அதில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது காட்டியது. கழற்றி மாட்டினேன். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அலுவலகத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பவரை எல்லோரும் சிலிண்டர் என்பார்கள். உலகத்தில் அவர் நம்பும் ஒரே பொருள் அவருடைய மேஜைக்குக் கீழே இருக்கும் சிலிண்டர். அதில் அளந்து அடைத்த வாயு இருக்கிறது. ஆயிரம் பங்கு. கருவியை அதோடு இணைத்தார். ஆயிரத்து இரண்டு காட்டியது.

உன் கருவிக்கு ஒன்றும் இல்லை என்றார். இன்று எங்கே ஸீரோ வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். வழக்கமாக எங்கே வைப்பாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் குழாயைக் கழற்றிச் சுருட்டினார். மிக மெதுவாகச் சுருட்டினார்.

"உங்க வீட்டு வாசல் பள்ளமாம்மா?" என்றார்.

வியாழக்கிழமை மறுபடியும் மொட்டை மாடியில் ஸீரோ வைத்தேன். முதல் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். வெயில் இன்னும் தெருவுக்குள் வரவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. கருவியை வாசல் சுவரில் அதே இடத்தில் வைத்தேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கதவைத் திறந்து பின்னறைக்கு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் எண் ஏறியது. அண்ணியின் பாயில், தலையணை இருந்த இடத்தில் வைத்தேன். முப்பத்தோராயிரம்.

தையல் இயந்திரத்தில் பாதி தைத்த ஒரு சட்டை இருந்தது. ஊசி அதில் இறங்கி நின்றிருந்தது. எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மேலே வந்துவிட்டேன்.

பதினான்கு மாதம் இந்தக் காற்றைத்தான் சுத்தமான காற்று என்று கருவிக்குக் காட்டியிருக்கிறேன். இதோடு ஒப்பிட்டால் எந்தக் கம்பம்தான் சுத்தமாக இருக்காது?

பத்து மணிக்கு மேலாளரின் அறைக்குப் போனேன். சிலிண்டர் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து என் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். மாதத்துக்கு ஒரு கட்டு. பதினான்கு கட்டு. ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்து.

வெளிக்காற்றே இன்று நானூற்று இருபதுக்கு மேல் இருக்கும் என்றார். ஒரு கம்பத்துக்கும் இன்னொரு கம்பத்துக்கும் பத்து இருபது கூடும், குறையும். எல்லாவற்றிலும் ஒரே எண் வந்தால் கருவி காற்றைப் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது என்றார். கோபமோ வெட்கமோ இல்லாமல் சொன்னார்.

"அப்ப ஏன் சார் சொல்லலை?"

"நீ ஏம்மா கேக்கலை?"

ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். எங்கள் தெரு இருக்கும் இடம் அறுபது வருடத்துக்கு முன்பு துளையிடும் முற்றமாக இருந்திருக்கிறது. நான்கு எரிவாயுக் கிணறுகள். மூன்றை முறைப்படி அடைத்ததற்குத் தாள் இருந்தது. நான்காவதற்கு இல்லை. கல்லையும் மண்ணையும் போட்டு மூடி மேலே வீடு கட்டியிருப்பார்கள், அழுத்திய வாயு அதன் வழியாகத்தான் மேலே வருகிறது என்றார். விரலைத் தெருக்கோடியில் வைத்தார். கடைசி வீடு.

நான் இன்றைக்கே அறிக்கை கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கினார். பதினான்கு மாதம் புதைத்தது எதுவும் புதைத்ததாகாது. எடுப்பது நிற்கும். பம்பு நிற்கும். விசாரணையில் முதல் கேள்வி எங்கே ஸீரோ வைத்தீர்கள் என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். இதெல்லாம் சின்ன விஷயம் என்றார். எடுத்தவனே புதைக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சட்டத்தில் ஏற்ற இருபது வருடம் ஆனது. வேண்டாம் என்றவர்கள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். புதைத்தால் வெளியே வரும் என்று நாமே எழுதிக் கொடுத்தால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். பிறகு யாரும் எதையும் புதைக்க மாட்டார்கள். எல்லாம் வானத்துக்குப் போகும். அதுவா உனக்கு வேண்டும் என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

நான்கு நாள் கேட்டார். திங்கட்கிழமை வெளியூர் ஆட்கள் வருவார்கள். கிணற்றைத் தேடி அடைப்பார்கள். இன்று சாயங்காலமே பம்பின் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவார். திங்கள் வரை நான் வழக்கம்போல வேலை பார்க்க வேண்டும். வழக்கமான இடத்தில் ஸீரோ. தெருவில் ஒரு வார்த்தை கூடாது. முப்பத்தோரு வீடும் ஒரே நேரத்தில் கிளம்பினால் மிதிபட்டே நாலு பேர் போவார்கள் என்றார். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் மேட்டில் ஒரு குடியிருப்பு தருவதாகச் சொன்னார்.

குடியிருப்பு வேண்டாம் என்றேன். அதை மறுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான்கு நாளை மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசல் சுவரில் ஸீரோ வைத்தேன். இருபத்திரண்டு கம்பம். இருபத்திரண்டு நானூறு. கையெழுத்துப் போட்டேன்.

மதியம் அண்ணியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்கு முன்பே அவருடைய பாயையும் தலையணையையும் மாடி அறைக்குக் கொண்டுபோயிருந்தேன். தையல் இயந்திரத்தைக் கணவர் தூக்கினார். பின்னறையைப் பூட்டினேன். கரையான் வந்திருக்கிறது, மருந்து அடித்திருக்கிறோம் என்றேன். மாடி வெயிலில் துணி வெளுத்துவிடும் என்று மட்டும் அண்ணி முணுமுணுத்தார்.

கணவரிடம் மருத்துவமனை மொட்டை மாடியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அழுத்தத்தைக் குறைத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்களே குறைத்தால் என்ன என்றேன். தாளில் எழுதி வராமல் கை வைக்க முடியாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"திங்கக்கிழமைதானே. நடுவுல ரெண்டு நாள்."

சனிக்கிழமை ஐந்து ஐம்பதுக்கு வாசலில் நின்றிருந்தபோது ஒரு லாரி தெருமுனையில் நின்றது. கடைசி வீட்டு லாரிக்காரர் இறங்கினார். ஒன்பது நாள் பயணம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தூக்கம் கண்ணில் நின்றது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, இன்னைக்குக் காத்து தேறுமா?"

கருவி சுவரில் இருந்தது. இன்னும் கூவவில்லை.

சொல்லியிருக்கலாம். பின்னறையில் படுக்காதீர்கள் என்ற இரண்டு சொல் போதும். காரணம்கூடத் தேவையில்லை. கரையான் என்றே சொல்லியிருக்கலாம். அண்ணிக்குச் சொன்ன பொய்யை அவருக்கும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் இரண்டு நாளாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"பரவாயில்லண்ணா," என்றேன்.

அப்படியென்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீடு எங்கள் வீட்டைவிட இன்னும் இரண்டடி பள்ளம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் மனைவி எங்கள் கதவைத் தட்டினாள். அவள் முன்னறையில் கட்டிலில் படுப்பவள். கூப்பிட்டால் அவர் எழுந்திருக்கவில்லை, பின்னறைத் தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறது, அண்ணனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கள் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நாள் முழுவதும் தூங்கினார், இரவு எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார், பயணம் முடிந்து வந்தால் இப்படித்தான் என்றாள்.

என் கணவரும் எதிர் வீட்டுக்காரரும் போனார்கள். நானும் பின்னால் போனேன். கதவை இரண்டு முறை இடித்ததும் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

"உள்ளே போகாதீங்க," என்றேன். "முதல்ல ஜன்னலைத் திறங்க. வெளியில இருந்து திறங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியும் வந்திருந்தார். வாசற்படியில் நின்று என்னையே பார்த்தார்.

லாரிக்காரர் தரையில் பாய்கூட இல்லாமல் மல்லாந்து கிடந்தார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. தூங்குகிறவர்போல இருந்தார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மருத்துவர் வந்தார். மாரடைப்பு என்று எழுதினார். ஓயாமல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சகஜம் என்றார். அவருக்கு நாற்பத்திரண்டு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்தினார். தாழ்ந்த குரலில் பேசினார். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"அது கரையான் இல்ல."

இல்லை என்றேன்.

"என்னைக்குத் தெரியும்?"

வியாழக்கிழமை என்றேன்.

அண்ணி விரல்விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. வியாழன். வெள்ளி. சனி. பிறகு குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். சேலையை மாற்றிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மிகவும் வருத்தம் என்றார். மாரடைப்பு என்று எழுதிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் நாளை காலை பேசிக்கொள்ளலாம் என்றார். வெளியூர் ஆட்கள் புதன்கிழமைதான் வருகிறார்களாம்.

நான் மேஜையில் உட்கார்ந்து ஒரு புதிய தாளை எடுத்தேன். புதன்கிழமை மொட்டை மாடியில் ஸீரோ வைத்து எடுத்த எண்களை வரிசையாக எழுதினேன். அதற்குக் கீழே வாசல், பின்னறை, பாய். நேரம், தேதி. எழுத்து நன்றாகவே வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன். அதைப் போட்டால் மற்ற பதினான்கு மாதத்துக் கையெழுத்தும் அதோடு சேர்ந்து எழுந்து நிற்கும். அதைவிட, சனிக்கிழமை காலை அவர் கேட்டதும் நான் சொன்னதும் எந்தத் தாளிலும் வராது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தாளை மடித்துப் பையில் வைத்தேன். பையில் கருவியும் இருந்தது.

மூன்று மணிக்குக் கடைசி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள், சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னறைக் கதவை யாரோ சாத்தியிருந்தார்கள். ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். போகிற வழியில் தெருவில் எல்லாம் அமைதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரம்.

லாரிக்காரர் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அண்ணி நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் முழங்கையைத் தொட்டேன்.

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். உள்ளூரிலிருந்து வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்கள், அவருடைய தம்பி மட்டும் சாயங்காலப் பேருந்தில் வருகிறான் என்றாள். தம்பி குடும்பத்தோடு வருகிறான், ஐந்து பேர், எல்லோரையும் எங்கே படுக்க வைப்பது என்று தெரியவில்லை, பின்னறைதான் பெரியது என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தார்.

லாரிக்காரர் மனைவி என் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவள்போல என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எனக்கும் ஒரு வாரமா காலையில எழுந்தா தலை சுத்துது. நீங்க காத்தை எல்லாம் அளக்கிறவங்களாச்சே. எங்க பின்னறையையும் ஒரு தடவை அளந்து பாக்கறீங்களா?"